கூட்டம் கூட்டுவோர்க்கு எழுத்தாவணம் வேண்டுமா?

தொழில்நுட்பச் சமூகம் என்று நாம் இங்குக் குறிப்பது, ஒரு பொதுப்பணியின் பொருட்டுத் தாமாகவே ஒன்றுசேர்ந்து உழைக்கும் வல்லுநர் குழுவையே. இணையத்தின் நெறிமுறைகளை வகுப்போரும், கட்டற்ற மென்பொருள்களை ஆக்குவோரும், தமிழ்க் கணிமைக்கு உழைப்போரும் இவ்வகையினர். ஆண்டு முழுவதும் இவர்கள் மின்னஞ்சலில் உரையாடினாலும், அவ்வப்போது ஓரிடத்தில் நேரிற் கூடுகின்றனர். கூடும் ஊர் ஒவ்வொரு முறையும் மாறுகிறது. ஏற்று நடத்துவோரும் மாறுகின்றனர். அவ்வாறு ஏற்று நடத்த முன்வருவோரிடம் சமூகம் எதிர்பார்ப்பவை எவை என்பதை எழுதி வைத்தல் வேண்டுமா, அன்றி அவ்வப்போது பேசித் தீர்த்துக்கொள்வது போதுமா என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயும் வினா.

இது மேலாண்மைத் துறையினர்க்குரிய வினா, மொழியியலார்க்கு இதில் என்ன பணி என்று கேட்போர் உண்டு. நாமும் பல்லாண்டு அவ்வாறே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணத்தை மாற்றிய நிகழ்ச்சி ஒன்றை முதலில் கூறுவது பொருந்தும்.

1. ஒரு சொல்லால் நேர்ந்த பிழை

பல ஆண்டுகளுக்கு முன், தமிழ்க் கலைச்சொற்களும் கணினியும் பற்றிய இரண்டு நாள் பயிலரங்கு ஒன்றை வெளியூரில் நடத்தும் பொறுப்பு எங்கள் குழுவிடம் வந்தது. அவ்வூர் அமைப்பு ஒன்று இடந்தர மனமுவந்து முன்வந்தது. அவர்களுக்கு நாங்கள் எழுதிய மடலில் அரங்கைப் பற்றி ஒரே ஒரு தொடர்தான் இருந்தது: ‘அறுபது பேர் அமரத்தக்க வசதியான அரங்கு வேண்டும்.’ அவர்களும் தம்மிடம் இருந்தவற்றுள் மிகச் சிறந்த அரங்கையே ஒதுக்கித் தந்தனர். குளிரூட்டி இருந்தது, மெத்தை நாற்காலிகள் இருந்தன, ஒலியமைப்பில் எக்குறையும் இல்லை. ஆனால் அவ்வரங்கு இரண்டாம் மாடியில் இருந்தது. கட்டடத்தில் மின்தூக்கி இல்லை.

கட்டுரை படிக்க வந்தோருள் சக்கர நாற்காலியில் இயங்கும் அம்மையார் ஒருவர் இருந்தார். தமிழ்ச் சொற்களைக் கணினியில் அகரவரிசைப்படுத்துவதில் எழும் சிக்கல்களைப் பற்றிய அவருடைய கட்டுரை, அப்பயிலரங்குக்கு வந்தவற்றுள் மிகவும் செறிவானது. இளைஞர் நால்வர் அவரை நாற்காலியோடு தூக்கிச் செல்ல முன்வந்தனர். “மூட்டையைப் போல் மாடியேற எனக்கு விருப்பமில்லை, ஐயா” என்று அவர் அமைதியாக மறுத்துவிட்டார். கட்டுரையை வேறொருவர் படித்தார். அவையில் எழுந்த வினாக்களைத் துண்டுத்தாளில் எழுதிக் கீழ்த்தளத்து அலுவலறைக்கு அனுப்பினோம்; அவர் விடை எழுதி மேலே அனுப்பினார். மாலையிலேயே ஊர் திரும்பிவிட்டார்.

மறு ஆண்டு அவருக்கு மீண்டும் அழைப்பு அனுப்பினோம். “அரங்கு எத்தனையாம் மாடியில் உள்ளது?” என்று ஒரு வரி மட்டும் எழுதிக் கேட்டிருந்தார். எங்களுக்கு விடை தெரியவில்லை. அவ்வாண்டின் ஏற்பாட்டாளரிடம் நாங்கள் அதைக் கேட்டிருக்கவில்லை. கேட்டறிந்து விடை எழுதுவதற்குள் பதிவு முடிந்துவிட்டது. அவர் அதன்பின் எங்கள் கூட்டம் எதற்கும் வரவில்லை.

இடந்தந்தோர்மீது இதில் குற்றமில்லை. ‘வசதியான’ என்னும் சொல்லுக்கு உலக வழக்கில் என்ன பொருளோ அப்பொருளை அவர்கள் கொண்டனர். அதன்படி சிறப்பாகவே செய்தனர். நாங்கள் கருதியது வேறு, எழுதியது வேறு. முதலாண்டுப் பிழையைச் சொல்லின் பிழை எனலாம். இரண்டாம் ஆண்டுப் பிழை அதனினும் பெரிது. பட்டறிவு எங்களிடம் இருந்தது. ஆயின் அது எங்கள் நினைவில் மட்டுமே இருந்தது. அடுத்த ஏற்பாட்டாளரின் கைக்கு அது போய்ச்சேரவில்லை.

2. ஊர்தோறும் புதிய கைகள்

இந்நிலை எங்கள் சிறு குழுவுக்கு மட்டும் உரியதன்று. தமிழ் இணைய மாநாடுகளின் வரலாற்றை நோக்கினால், ஒரு தொழில்நுட்பச் சமூகத்தின் கூட்டம் எத்துணைக் கைமாறிச் செல்கிறது என்பது விளங்கும். 1997ஆம் ஆண்டு மே மாதம் நா. கோவிந்தசாமி முதலியோரின் முயற்சியால் முதல் மாநாடு சிங்கப்பூரில் கூடியது. 1999இல் சென்னையில் கூடிய மாநாட்டின் விளைவாகத் ‘தமிழ்99’ விசைப்பலகை நமக்குக் கிடைத்தது. 2000ஆம் ஆண்டு மீண்டும் சிங்கப்பூரில் கூடியபோது ‘உத்தமம்’ என்று சுருக்கமாக வழங்கும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருப்பெற்றது. 2001இல் கோலாலம்பூர், 2002இல் கலிஃபோர்னியாவின் ஃபாஸ்டர் நகர், 2009இல் செருமனியின் கொலோன், 2011இல் ஃபிலடெல்ஃபியா, 2017இல் தொராண்டோ என மாநாடு நாடுகள் பலவற்றுக்கும் சென்றுள்ளது. சில ஊர்களில் பல்கலைக்கழகம் ஏற்று நடத்தியது. சில ஊர்களில் அரசு துணைநின்றது. சில ஊர்களில் தன்னார்வலர் குழுவே எல்லாச் சுமையையும் சுமந்தது.

இத்தகைய கூட்டத்தை ஏற்று நடத்துவோர்க்குப் பிற மாநாடுகளில் இல்லாத தேவைகள் சில உண்டு. தொடக்க ஆண்டுகளில் திஸ்கி, டாப், டாம் எனத் தமிழ்க் குறியேற்றங்கள் பலவாக இருந்தன. ஒருவர் ஒரு குறியேற்றத்தில் ஆக்கிய கட்டுரை, அதற்குரிய எழுத்துரு இல்லாத அரங்கக் கணினியில் பொருளற்ற குறிகளாகவே தோன்றும். ஒருங்குறி பரவிய பின்னர் இத்தொல்லை பெரிதும் நீங்கியது. எனினும் முற்றும் ஒழிந்தது என்று சொல்வதற்கில்லை. படவில்லைகளில் தமிழ் எழுத்துகள் பிரிந்தும் இடம் மாறியும் நிற்பதை இன்றும் காண்கிறோம். பெயரட்டையில் பெயரைத் தமிழிலும் அச்சிடுதல், தந்தை பெயரைக் குடும்பப் பெயராகக் கொண்டு பதிவுப் படிவம் குழம்பாமல் காத்தல், இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வருவோர் விசா பெறுவதற்குரிய அழைப்பு மடலை உரிய காலத்தில் அனுப்புதல் ஆகியவையும் அத்தகையனவே. ஒருமுறை நடத்தியவர் இவற்றை எல்லாம் அறிவார். ஆனால் அடுத்த முறை நடத்துவோர் அவரல்லர்.

முன்னவர் நினைவில் உள்ளதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாமே எனலாம். கேட்பதற்கு முதலில் யாரைக் கேட்பது என்று தெரிந்திருத்தல் வேண்டும். எதைக் கேட்பது என்றும் தெரிந்திருத்தல் வேண்டும். புதியவருக்கு இரண்டும் தெரியா. அன்றியும் மனிதர் நிலைத்திருப்போர் அல்லர். முதல் மாநாட்டுக்கு உழைத்த கோவிந்தசாமி இரண்டே ஆண்டுகளில், 1999இல் மறைந்தார்.

3. இணையப் பொறியாளர் எழுதிக்கொண்ட ஆவணம்

இவ்வினாவை நீண்டகாலம் விவாதித்து, இறுதியில் எழுத்தில் வடித்த சமூகம் ஒன்று உண்டு. அது இணையப் பொறியியல் பணிக்குழு. இணையம் இயங்குவதற்கு அடிப்படையான நெறிமுறைகள் பலவற்றை வகுப்பது இக்குழுவே. இதற்கு உறுப்பினர் பட்டியலும் இல்லை, வாக்கெடுப்பும் இல்லை. விரும்பியவர் எவரும் பங்கேற்கலாம். 1986ஆம் ஆண்டு சனவரியில் சான் டியாகோ நகரில் இருபத்தொருவர் கூடியது இதன் முதற்கூட்டம். இன்று ஆண்டுக்கு மூன்று முறை கூடுகிறது.

இக்குழுவின் நூறாவது கூட்டம் 2017 நவம்பரில் சிங்கப்பூரில் நடைபெற்றது. அதற்கு முந்திய ஆண்டு இடம் அறிவிக்கப்பட்டபோது குழுவினருள் கடுமையான விவாதம் எழுந்தது. ஆண்களுக்கிடையிலான ஒருபால் உறவைக் குற்றமாகக் கொண்ட தண்டனைச் சட்டத்தின் 377ஏ பிரிவு அக்காலத்தில் இங்கு நடைமுறையில் இருந்தது. தம் குடும்பத்துடன் அச்சமின்றி வர இயலுமா என்று பங்கேற்பாளர் சிலர் வினவினர். சட்டத்தைப் பற்றிய கருத்து வேறுபாடு ஒருபுறமிருக்க, கூட்டத்தின் நடைமுறை பற்றி எழுந்த வினாவே நாம் இங்குக் கருதத்தக்கது: இடத்தைத் தெரிந்தெடுப்போர் எவற்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்று சமூகம் அவர்களுக்கு எங்கேனும் எழுதித் தந்துள்ளதா? குழுவினர் அனைவரும் ஒப்பிய முறையான ஆவணம் அதுவரை இல்லை. கூட்டம் திட்டமிட்டபடி சிங்கப்பூரில் நடந்தது. 2019இல் மீண்டும் ஒருமுறை இங்கேயே நடந்தது. அச்சட்டப் பிரிவை நீக்கும் மசோதாவை 2022 நவம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது.

இதற்கிடையே, இடத்தேர்வு பற்றி ஆராயத் தனிப் பணிக்குழு ஒன்று அமைந்தது. அதன் உழைப்பால் 2020 பிப்ரவரியில் இரண்டு ஆவணங்கள் வெளிவந்தன. ஆர்.எஃப்.சி. 8719 எந்தக் கண்டத்தில் கூடுவது என்பதைக் கூறுகிறது. வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியா ஆகிய மூன்றிலும் ஆண்டுக்கு ஒவ்வொன்றாகக் கூடுவது பொதுநெறி. பயணச் சுமையை எல்லாரும் பகிர்ந்துகொள்வதே இதன் நோக்கம். ஆர்.எஃப்.சி. 8718 எத்தகைய இடத்தில் கூடுவது என்பதைக் கூறுகிறது.

பின்னைய ஆவணத்தின் அமைப்பு நம் கருத்துக்குரியது. அது தேவைகளைத் தரம் பிரிக்கிறது. முதல் தரம் கட்டாயமானவை. போதிய இடப்பரப்பு, சக்கர நாற்காலியில் வருவோர்க்கு வழி, தடையும் வடிகட்டலும் இல்லாத இணைய இணைப்பு ஆகியன இதில் அடங்கும். இவற்றுள் ஒன்று இல்லையேனும் அவ்விடத்துக்கு ஒப்பந்தம் செய்தல் கூடாது. இரண்டாம் தரம் முக்கியமானவை. பயண வசதி, நாட்டுக்குள் நுழைவதில் உள்ள தடைகள், பாதுகாப்பு, உடல்நலமோ சமயமோ காரணமாக உணவுக் கட்டுப்பாடு உடையோர்க்கு ஏற்ற உணவு, தாங்கத்தக்க செலவு என்பன இத்தரத்தவை. இவற்றை ஒன்றோடொன்று சீர்தூக்கலாம். ஒன்று குறைந்தால் அதனைச் சமூகத்துக்கு வெளிப்படையாகத் தெரிவித்தல் வேண்டும்.

இவற்றோடு, தம் நோக்கம் அல்லாதவை எவை என்றும் அவ்வாவணம் எழுதி வைக்கிறது. ஒரு நாட்டின் கொள்கையைப் பாராட்டவோ கண்டிக்கவோ கூடுவது நோக்கமன்று. இயன்ற அளவு பெருங்கூட்டம் சேர்ப்பதும் நோக்கமன்று. சுற்றுலாவும் நோக்கமன்று. இப்பகுதியே அவ்வாவணத்தின் மிகப் பயனுள்ள பகுதி என்பது நம் கருத்து. அதன் காரணத்தைப் பின்னர்க் கூறுவோம்.

4. எழுதலாகாது என்போர் கூற்று

எழுத்தாவணத்தை மறுப்போர் கூறும் காரணங்கள் புறக்கணிக்கத்தக்கவை அல்ல. அவற்றுள் முதன்மையானவை மூன்று.

முதலாவது, பட்டியல் நீண்டால் சிற்றூர்கள் அஞ்சிப் பின்வாங்கும் என்பது. பெருநகர நட்சத்திர விடுதிகளும் பணவளம் மிக்க பல்கலைக்கழகங்களும் மட்டுமே நிறைவேற்றக்கூடிய பட்டியலை எழுதி வைத்தால், ஆர்வம் மட்டுமே முதலாக உடைய ஊர்ச்சங்கம் ஒன்று கை உயர்த்தவே தயங்கும். இது மெய்யான இடர்.

இரண்டாவது, விருந்தோம்புவாரிடம் பட்டியல் நீட்டுவது பண்பன்று என்பது. தம் செலவில் தம் ஊருக்கு அழைப்பாரிடம், நாற்காலி எத்தனை, உணவு எவ்வகை என்று கணக்குக் கேட்பது நம் மரபுக்கு ஒவ்வாது எனப் பெரியோர் சிலர் கருதுகின்றனர்.

மூன்றாவது, எழுதியது இறுகிவிடும் என்பது. சூழல் மாறும்போது எழுத்து மாறாது நிற்கும். மக்கள் நோக்கத்தை மறந்து எழுத்தைப் பற்றிக்கொள்வர்.

மூன்றாவதை முதலில் எடுத்துக்கொள்வோம். மேற்கூறிய இரு ஆவணங்களும் 2020 பிப்ரவரியில் வந்தன. மறுமாதமே, கனடாவின் வான்கூவர் நகரில் கூடவேண்டிய கூட்டம் கொள்ளைநோயினால் முழுவதும் இணையவழியாக நடந்தது. ஆண்டுக்கணக்கில் ஆய்ந்து எழுதியும் இதனை எவரும் எதிர்நோக்கவில்லை. ஆனால் விளைந்தது என்ன? கூட்டத்தை நேரில் நடத்த இயலாதபோது எவ்வாறு முடிவெடுப்பது என்று 2021இல் ஓர் ஆவணம் சேர்த்தனர். பட்டறிவின் அடிப்படையில் 2025இல் மூல ஆவணங்களையே திருத்தினர். எழுதி வைத்திருந்ததனால்தான் எதைத் திருத்துவது என்பது அவர்களுக்குப் புலப்பட்டது. எழுதாத வழக்கமும் இறுகும் இயல்புடையதே. அது எங்கே இறுகியது என்று காட்டுதற்குத்தான் இடமில்லை.

இரண்டாவது காரணத்துக்கு, மேற்கூறிய அம்மையாரின் நிகழ்ச்சியே விடை. கேளாதிருந்தது பண்பு என்று நாங்கள் எண்ணினோம். அதன் விளைவாக, அன்போடு இடந்தந்தவர்கள் தம் வாயிலிலேயே ஒரு விருந்தினரை நிறுத்திவைக்க நேர்ந்தது. பயிலரங்கு முடிந்த பின்னர் அவ்வமைப்பின் செயலாளர், “ஒரு வார்த்தை முன்பே சொல்லியிருந்தால் கீழே உள்ள நூலகத்தை ஒழித்துத் தந்திருப்போமே, ஐயா” என்று வருந்தினார். விருந்தோம்புவார்க்கு வேண்டிய செய்தியை மறைத்து வைப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

முதற்காரணமே எஞ்சுகிறது. சிற்றூரை அச்சுறுத்தாத ஆவணத்தை எழுத இயலுமா? இயலும். ஆனால் அது சொற்களை நாம் கையாளும் திறத்தைப் பொறுத்தது. இங்கேதான் மொழியியல் தன் பங்கைச் செலுத்த வருகிறது.

5. ‘வேண்டும்’ என்னும் சொல்

இணையப் பொறியாளர்கள் தம் ஆவணங்களில் கட்டாயம், பரிந்துரை, விருப்பம் ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலத் துணைவினைகளுக்கு 1997ஆம் ஆண்டிலேயே ஆர்.எஃப்.சி. 2119 என்னும் ஆவணத்தில் வரையறை தந்துவிட்டனர். அச்சொற்களைப் பெரிய எழுத்தில் எழுதினால் மட்டுமே அவ்வரையறை பொருந்தும் என 2017இல் மேலும் தெளிவுபடுத்தினர். தமிழில் இவ்வழி நமக்கு அடைபட்டது. தமிழ் எழுத்தில் பெரியது, சிறியது என்னும் வேறுபாடு இல்லை.

அதனினும் பெரிய இடர்ப்பாடு சொற்பொருளில் உள்ளது. ‘வேண்டும்’ என்னும் சொல் இன்றைய தமிழில் குறைந்தது மூன்று பொருள் தருகிறது. ‘எனக்குத் தேநீர் வேண்டும்’ என்பதில் அது விருப்பத்தைக் குறிக்கிறது. ‘நீ நாளை வரவேண்டும்’ என்பதில் கடப்பாட்டைக் குறிக்கிறது. ‘இரவு மழை பெய்திருக்க வேண்டும்’ என்பதில் உய்த்துணர்வைக் குறிக்கிறது. வேண்டுதல் என்பது விரும்புதல் என்னும் பொருளில் பழந்தமிழில் பெருவழக்கினது. அப்பொருள் இன்றும் அச்சொல்லைவிட்டு நீங்கவில்லை. ‘உணவுக்கூடம் அரங்குக்கு அருகில் இருக்க வேண்டும்’ என்று ஒருவர் எழுதினால், அஃது இல்லாவிடில் கூட்டமே இல்லை என்பதா, இருந்தால் நன்று என்பதா? படிப்போர் தத்தம் இயல்புக்கேற்பக் கொள்வர். அஞ்சும் இயல்பினர் எல்லாவற்றையும் கட்டாயமாகக் கொண்டு பின்வாங்குவர். துணிந்தவர் எல்லாவற்றையும் விருப்பமாகக் கொண்டு விட்டுவிடுவர்.

‘செய்யலாம்’ என்னும் வடிவமும் அவ்வாறே. ‘இனி நீங்கள் போகலாம்’ என்பது இசைவு. ‘நாளை மழை வரலாம்’ என்பது இயல்வு. ‘வாருங்கள், போகலாம்’ என்பது கூட்டழைப்பு. அன்றியும், நம் சமூகத்தில் வயதிலோ பதவியிலோ மூத்தவர் ஒருவர் ‘இரவு விருந்து ஒன்று வைக்கலாம்’ என்று சொன்னால், அதனை இசைவாகக் கொள்வார் எவருமில்லை. அது கட்டளையாகவே காதில் விழும். ஏற்பாட்டாளர் கடன்பட்டேனும் விருந்து வைப்பார்.

எனவே, தமிழில் இத்தகைய ஆவணம் எழுதுவோர் வினைமுற்றை நம்பியிருத்தல் கூடாது. ஒவ்வொரு வரிக்கு முன்னும் ‘கட்டாயம்’, ‘முக்கியம்’, ‘விருப்பம்’, ‘தேவையில்லை’ என்னும் நான்கனுள் ஒரு சொல்லைத் தலைப்பாக இட்டு எழுதுதல் தெளிவு தரும். ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய பொருளை ஆவணத்தின் தொடக்கத்திலேயே வரையறுத்துவிடலாம். கட்டாயமானது இல்லையேல் அவ்விடத்தில் கூடுவதில்லை. முக்கியமானது இல்லையேல் அதற்கு ஈடாகச் செய்வதைப் பங்கேற்பாளர்க்கு முன்கூட்டியே அறிவித்தல் போதும். விருப்பமானது இல்லையேல் விளக்கம் கேட்பதில்லை.

அடுத்து, பண்புச்சொற்களை விலக்குதல் நன்று. ‘வசதியான’, ‘போதிய’, ‘நல்ல’, ‘தரமான’ போன்ற சொற்கள் எழுதுவோர்க்குத் தெளிவாகவும் படிப்போர்க்கு மங்கலாகவும் இருப்பவை. ‘வசதியான அரங்கு’ என்பதற்கு மாறாக, ‘தெருவிலிருந்து அரங்கின் இருக்கைவரையும், அங்கிருந்து மேடைவரையும், கழிவறைவரையும் ஒரு படியும் ஏறாமல் செல்லத்தக்க வழி’ என்று எழுதினால், ஏற்பாட்டாளர் தாமே நடந்து பார்த்து ஆம் அல்லது இல்லை என்று விடை சொல்ல இயலும். ஆம், இல்லை என்று விடைசொல்ல இயலாத வரியைத் தேவைப் பட்டியலில் வைப்பதால் பயனில்லை.

ஒவ்வொரு வரியின் பின்னும் அதன் காரணத்தை ஒரு தொடரில் எழுதுவதும் இன்றியமையாதது. ‘கட்டுரையாளர் தம் கோப்பை முதல் நாள் மாலையே அரங்கக் கணினியில் திறந்து பார்க்க அரைமணி நேரம் ஒதுக்குக’ என்று மட்டும் எழுதினால் அது வீண் சடங்காகத் தோன்றும். ‘தமிழ் எழுத்துகள் சிதைந்தால் சரிசெய்ய நேரம் கிடைக்கும்’ என்று காரணமும் சேர்ந்தால், அரங்கு மாலையில் கிடைக்காத ஏற்பாட்டாளர் அதே பயனைத் தரும் வேறு வழியைத் தாமே காண்பார். காரணம் எழுதப்பட்ட விதி எளிதில் இறுகுவதில்லை.

6. வேண்டாதவற்றின் பட்டியல்

‘நோக்கம் அல்லாதவை’ என்னும் பகுதியைப் பாராட்டிய காரணத்தை இப்போது கூறுவோம். நம் வட்டாரத்தில் ஊர்ச்சங்கங்கள் மாநாடு ஏற்று நடத்தத் தயங்குவதற்குப் படியில்லா வழியும் இணைய இணைப்பும் காரணமல்ல. வழக்கத்தால் வந்து சேர்ந்தவையே காரணம். பொன்னாடைகள், நினைவுப் பரிசுகள், மாலைகள், தொடக்கவிழாவின் சிறப்புரைகள், பெருவிருந்து, நகரச் சுற்றுலா, கனமான மலர் ஆகியவற்றை எந்த ஆவணமும் கேட்டதில்லை. ஆனால் சென்ற ஊரில் செய்தார்கள் என்பதனால் இந்த ஊரிலும் செய்கின்றனர்; ஒருபடி மிகுத்தே செய்கின்றனர். எழுதப்படாத பட்டியலே நம்மிடம் மிக நீண்ட பட்டியல்.

ஆதலின் ‘தேவையில்லை’ என்னும் தலைப்பில் இவற்றை வெளிப்படையாக எழுதுதல் வேண்டும் என்போம். கடப்பாட்டுப் பொருளிலேயே இச்சொல்லை இங்கு ஆள்கிறோம். ‘பொன்னாடை தேவையில்லை, இதில் மிஞ்சும் தொகை மாணவர் பயணத்துக்கு உதவும்’ என்று சமூகமே எழுதித் தந்துவிட்டால், ஏற்பாட்டாளர்க்கு எவர்முன்னும் நாணவேண்டிய நிலை வராது. சிற்றூரை அச்சுறுத்துவது ஆவணம் என்றோம். நன்கு எழுதிய ஆவணம் அச்சிற்றூரின் சுமையைக் குறைக்கவும் வல்லது.

நம் நாடுகளுக்கு ஏற்ற சில வரிகளையும் எடுத்துக்காட்டாகக் கூறலாம். கட்டாயம்: படியில்லா வழி, பங்கேற்பாளர் எவரும் பயன்படுத்தத்தக்க இணைய இணைப்பு, தமிழை முறையாகக் காட்டும் கணினி. முக்கியம்: தீபாவளி, நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு ஆகியவற்றை ஒட்டாத நாள், ஏனெனில் அக்காலத்தில் விடுதியும் பயணச்சீட்டும் கிடைப்பதரிது, சைவ உணவும் ஹலால் உணவும் தனித்தனியே பெயரிட்டு வைத்தல், விசா தேவைப்படுவோர்க்கு அழைப்பு மடலை முன்னதாக அனுப்புதல். விருப்பம்: தொழுகைக்கும் குழந்தைக்குப் பாலூட்டுவதற்கும் தனியறைகள். இவை அனைத்தும் ஒரு தாளின் இரு பக்கத்துள் அடங்கும். அடங்காவிடில் ஏதோ ஒன்று மிகை என்று கொள்ளலாம்.

7. நாங்களும் நாமும்

தமிழில் தன்மைப் பன்மைக்கு இரு வடிவங்கள் உண்டு. கேட்போரை விலக்கி நிற்பது ‘நாங்கள்’; கேட்போரையும் உளப்படுத்துவது ‘நாம்’. இக்கட்டுரையில் பயிலரங்கைப் பற்றிக் கூறியபோதெல்லாம் ‘நாங்கள்’ என்றே எழுத நேர்ந்ததை நீங்கள் கவனித்திருக்கலாம். அந்நிகழ்ச்சியின் பட்டறிவு எங்கள் குழுவுக்குள்ளேயே இருந்தது. எங்கள் வழக்கம் எங்களுக்குத் தெரியும், புதியவர்க்குத் தெரியாது, தெரியாது என்பதும் எங்களுக்குத் தோன்றவில்லை. எழுதாத வழக்கம் எப்போதும் ‘நாங்கள்’ என்றே பேசும். அதனை எழுதிப் பொதுவில் வைக்கும்போதுதான் புதிய ஏற்பாட்டாளரும், இன்னும் வந்து சேராத பங்கேற்பாளரும் ‘நாம்’ என்னும் சொல்லுக்குள் வருகின்றனர்.

எனவே எடுத்த வினாவுக்கு நம் விடை, எழுதுதல் வேண்டும் என்பதே. தரம் பிரித்து, காரணம் கூறி, வேண்டாதவற்றையும் சேர்த்து, திருத்திய நாளைத் தலைப்பிலிட்டு எழுதுதல் வேண்டும். ஒவ்வொரு கூட்டமும் முடிந்தவுடன், நினைவு மங்குவதற்குள், அதனை நடத்தியவரே திருத்தி அடுத்தவர் கையில் தருதல் வேண்டும்.

அப்பயிலரங்கு நடந்து சில ஆண்டுகள் கழித்து, எங்கள் குழு இத்தகைய தாள் ஒன்றை எழுதிக்கொண்டது. அடுத்த கூட்டத்துக்கான அழைப்பு மடலின் முகப்பிலேயே ‘அரங்கு தரைத்தளத்தில் உள்ளது, வாயிலிலிருந்து மேடைவரை படி இல்லை’ என்று அச்சிட்டோம். அம்மையாரின் பழைய முகவரிக்கும் ஒரு படி அனுப்பினோம். அவர் வீடு மாறிவிட்டார் என்னும் குறிப்போடு மடல் திரும்பி வந்தது. அவ்வரி இன்றும் எங்கள் தாளின் முதல் வரியாக உள்ளது.